ஒரே தீற்றலில் ஒளியும் நிழலும்: ஷு பெய்ஹோங்கின் குதிரைகளைப் பார்க்கக் கற்போம்

வெள்ளைத் தாளில் கருப்பு மையால் வரைந்த ஒரு குதிரை. பிடரி மயிர் பறக்க, நெஞ்சை முன்தள்ளி நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிறது. பின்னால் மலை இல்லை, வானம் இல்லை. காலடியில் நாலைந்து புல் கீறல்கள், அவ்வளவுதான். சீன உணவகச் சுவர்களிலும் நாட்காட்டிகளிலும் இந்தப் படத்தையோ இதைப் பார்த்து வரைந்த நகலையோ நம்மில் பலர் கண்டிருப்போம். இந்தப் பாணிக்கு உரியவர் சீன ஓவியர் ஷு பெய்ஹோங் (1895–1953). அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே வரும் வரி, "கிழக்கையும் மேற்கையும் கலந்தவர்".

அந்த வரி தவறில்லை. ஆனால் "கலந்தவர்" என்ற சொல் நம்மைத் தடம் மாற்றிவிடுகிறது. பாலும் டிகாக்‌ஷனும் கலந்தால் எது பால், எது டிகாக்‌ஷன் என்று பிரிக்க முடியாது. ஷு பெய்ஹோங்கின் குதிரையில் பிரிக்க முடியும். இந்த வேலையைச் செய்தது சீன மரபு, இந்த வேலையைச் செய்தது ஐரோப்பியப் பயிற்சி என்று விரல் வைத்துக் காட்டலாம். தறியில் நெடுக்கு நூலான பாவு முதலில் கட்டப்பட, பிறகு குறுக்கு நூலான ஊடை ஓடுவது போன்ற உறவு அது. இரண்டும் எங்கே, எப்படிக் குறுக்கிடுகின்றன என்பதுதான் இந்தக் கட்டுரை.

## ஆளைப் பற்றிக் கொஞ்சம்

தேநீர்க் குடுவைகளுக்குப் பெயர்போன யிஷிங் வட்டாரத்தில், ஜியாங்சு மாகாணத்தில் பிறந்தார். தந்தையும் ஓவியர், முதல் பாடம் அவரிடம்தான். அரசு உதவித்தொகையில் 1919-ல் பாரிஸ் சென்று அங்குள்ள தேசிய நுண்கலைப் பள்ளியில் சேர்ந்தார். இடையில் பெர்லினிலும் படித்தார். அங்கே உயிரியல் பூங்காவில் சிங்கங்களின் முன் நின்று மணிக்கணக்கில் வரைந்தார். 1927-ல் சீனா திரும்பி ஆசிரியரானார். பிற்காலத்தில் பெய்ஜிங் மத்திய நுண்கலைக் கழகத்தின் முதல் தலைவரும் அவரே.

பாரிஸில் அவர் கற்றது எது என்பதில் கவனம் வேண்டும். மேற்கு என்றால் ஒரே மேற்கு அல்ல. அவர் அங்கே இருந்தபோது மத்தீஸ், பிக்காசோ போன்ற நவீன ஓவியர்கள் பாரிஸைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் தேர்ந்ததோ 19-ஆம் நூற்றாண்டின் கறாரான கல்விக்கூட ஓவியம்: மாதிரி ஆளை நிறுத்தி, எலும்பும் தசையும் அறிந்து, அளந்து வரையும் பள்ளி. செசானையும் மத்தீஸையும் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. 1929-ல் ஷாங்காயில் தேசியக் கண்காட்சி நடந்தபோது அதை எழுத்திலேயே போட்டு உடைத்தார். "மேற்கத்திய நவீன ஓவியத்தைச் சீனாவுக்குக் கொண்டுவந்தவர்" என்று அவரைப் பற்றி எழுதுவது ஆகவே பிழை.

## இரண்டு பொருள்கள், இரண்டு குணங்கள்

சப்பாத்தி தேய்க்கும்போது வட்டம் கோணலானால் மாவை மறுபடி உருட்டித் தேய்க்கலாம். தோசை அப்படியா? மாவு கல்லில் விழுந்த நொடியில் வேகத் தொடங்கிவிடும். கரண்டியைச் சுழற்றும் அந்த இரண்டு மூன்று நொடிகளில் வட்டம் அமைந்தால் உண்டு. பிறகு தேய்த்தால் கிழியும்.

எண்ணெய் வண்ணம் சப்பாத்தி. அது காய நாட்கள் ஆகும். பிடிக்காததைச் சுரண்டலாம், மேலே பூசலாம், ஒரு கன்னத்தின் நிழலை வாரக்கணக்கில் திருத்தலாம். ஷுவான் தாளில் மை தோசை.

ஷுவான் தாள் என்பது சீன ஓவியர்கள் பயன்படுத்தும், அன்ஹுய் மாகாணத்தின் ஜிங் வட்டாரத்தில் செய்யப்படும் கைத்தாள். நீலச்சந்தனம் என்று அழைக்கப்படும் ஒரு மரத்தின் பட்டை நாரும் நெல் வைக்கோலும் சேர்த்துச் செய்வது. இதில் இரண்டு வகை. படிகாரமும் பசையும் பூசியது பதப்படுத்திய தாள். மை அதன்மேல் நிற்கும். எதுவும் பூசாதது பச்சைத் தாள், மையை விழுங்கும். புதுப் பருத்தி வேட்டியில் மைத்துளி விழுந்தால் எப்படிப் பரவுமோ அப்படி. தூரிகையை ஒரு நொடி அதிகம் நிறுத்தினால் அந்த இடத்தில் கறை வட்டமாக விரியும். அழிப்பான் கிடையாது, மேற்பூச்சும் கிடையாது. இந்தக் குதிரைகள் மை ஊறும் தாளில் பிறந்தவை.

மை என்பது புகைக்கரியையும் விலங்குப் பசையையும் சேர்த்து உலர்த்திய குச்சி. கல்லில் நீர் விட்டு அரைத்துப் பயன்படுத்துவது. நன்றாக அரைத்த மை காய்ந்தபின் நீர் பட்டாலும் கலையாது. படத்தின் முதுகில் ஈரப்பசை தடவி வேறு தாள் ஒட்டித்தான் சட்டமிடுவார்கள் என்பதால் இந்தக் குணம் முக்கியம். மலிவான குப்பி மை சில இந்தக் கட்டத்தில்தான் ஒழுகி, முடித்த படத்தைக் கெடுக்கும்.

இதுவரை பார்த்ததன் சாரம்: ஐரோப்பியப் பொருள் திருத்த இடம் தருகிறது, சீனப் பொருள் தருவதில்லை. ஆகவே பாரிஸில் கற்ற முறையை அப்படியே எடுத்து ஷுவான் தாளில் வைக்க முடியாது. வேறு வழி கண்டாக வேண்டும்.

## ஐரோப்பியப் பயிற்சி தந்தது என்ன?

முதலாவது, உடற்கூறு; தோலுக்குக் கீழே எலும்பும் தசையும் எப்படி அமைந்திருக்கின்றன என்ற அறிவு. குதிரையின் பின்காலைப் பாருங்கள். முழங்கால் பின்பக்கமாக மடங்குவதுபோல் தெரியும். அது முழங்காலே அல்ல, குதிகால். உண்மையான முழங்கால் மேலே வயிற்றையொட்டி இருக்கிறது. முன்காலில் "முழங்கால்" என்று நாம் சொல்வது நம் மணிக்கட்டுக்கு நிகரானது. குளம்பு என்பது நடுவிரலின் நகம். அதாவது குதிரை ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரல் நுனியில் நிற்கிறது! இதைத் தெரிந்தவர் வரையும் கால் ஓடும். தெரியாதவர் வரைவது மேசைக் கால். குதிரையின் உடற்கூற்றைப் படித்ததாகவும், ஆயிரத்துக்குக் குறையாத குதிரைக் கோட்டுப்படங்கள் போட்டதாகவும் ஷு பெய்ஹோங்கே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

இரண்டாவது, முன்குறுக்கம். நம்மை நோக்கி நீளும் பொருள் நீளம் குறைந்தும் முன்பகுதி பெருத்தும் தெரிவதுதான் அது. யாராவது கைபேசிக் கேமராவை நோக்கிக் கையை நீட்டினால் உள்ளங்கை முகத்தைவிடப் பெரிதாகவும் முழங்கை காணாமலும் போகுமே, அதே விஷயம். பழைய சீனக் குதிரைப் படங்களில் பெரும்பாலும் குதிரை பக்கவாட்டில் நிற்கும் அல்லது நடக்கும். ஷு பெய்ஹோங்கின் குதிரைகளோ நேரே நம் மேல் வருகின்றன. மார்பு பெரிது, முதுகு சில அங்குலத்தில் ஒடுங்கிவிடுகிறது. அளவு சற்றே பிசகினாலும் குதிரை கழுதையாகும்.

மூன்றாவதுதான் ஒளிநிழல். சன்னலோரம் ஒரு கத்தரிக்காயை வையுங்கள். சன்னல் பக்கம் ஒரு வெள்ளைப் பளபளப்பு, பிறகு ஊதா, பிறகு கருமை. இது கத்தரிக்காயின் உடம்பிலேயே விழும் நிழல். உடல்நிழல் என்று சொல்வோம். மேசைமேல் நீளமாகக் கிடப்பது விழுநிழல். இந்த இரண்டையும் பிரித்துப் பழகுங்கள். ஷு பெய்ஹோங்கின் ரகசியத்தில் பாதி இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

## குறுக்கிடும் இடம்: தூரிகையில் மை ஏற்றுதல்

கல்விக்கூட முறையில் உடல்நிழல் என்பது சிறுகச் சிறுகச் சேர்ப்பது. கரிக்குச்சியால் தேய்ப்பது, விரலால் மழுக்குவது, மறுபடி தேய்ப்பது. பச்சைத் தாளில் இப்படி இரண்டு முறை மேலே போனாலே சேறாகும். அப்படியானால் குதிரையின் மார்பு எப்படி உருண்டு தெரிகிறது?

விடை, தூரிகை தாளைத் தொடுவதற்கு முன்பே நிழல் முழுவதையும் தூரிகைக்குள் ஏற்றிவிடுவதில் இருக்கிறது. ஒரே தூரிகையில் அடிப்பகுதியில் வெளிர் மை, நடுவில் இடைத்தரம், நுனியில் கெட்டி மை. சீன மரபு மைக்கே ஐந்து நிறம் உண்டு என்று சொல்லும். ஒரே கருப்பின் ஐந்து தரங்கள். தூரிகையைச் சாய்த்து அதன் வயிற்றால் இழுத்தால், தீற்றலின் ஒரு விளிம்பு கருமையாகவும் மறு விளிம்பு வெளிராகவும் விழும். நடுவே தானாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நழுவும். ஒரே தீற்றலில் கத்தரிக்காயின் இருண்ட பக்கமும் வெளிச்சப் பக்கமும் வந்துவிட்டன. இதற்குப் பெயர் சாய்நுனித் தீற்றல். தூரிகையை நிமிர்த்தி, நுனி கோட்டின் நடுவே ஓடும்படி இழுப்பது நடுநுனித் தீற்றல்.

சாய்நுனியும் பல தர மையும் அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே சீனாவில் இருந்தவை. மூங்கில் வரைபவர்கள், பூ வரைபவர்கள் பயன்படுத்தியவை. அவர் செய்தது, எந்தத் தசைமேல் எந்த விளிம்பு விழவேண்டும் என்பதை உடற்கூற்றைக் கொண்டு முடிவுசெய்தது. கருமை விளிம்பு மார்புத் தசையின் பள்ளத்தில் விழுகிறது. வெளிர் விளிம்பு மேட்டில். மிகப் பிரகாசமான மேட்டில் மையே இல்லை, வெறும் தாள்.

செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு அளவோடு சொல்லலாம். உள்ளே விறைப்பான மயிரும் வெளியே மென்மையான ஆட்டுமயிரும் கலந்த தூரிகை, மயிர்ப்பகுதி 3 முதல் 4 செ.மீ. ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. மேசைமேல் தடித்த கம்பளித் துணி, இல்லாவிட்டால் தாள் மேசையோடு ஒட்டும். மூன்று மைகள்: கல்லில் அரைத்தபடி கெட்டி; ஒரு பங்கு மைக்கு நாலு பங்கு நீர் சேர்த்தது இடைத்தரம்; ஒரு பங்குக்குப் பதினைந்து இருபது பங்கு நீர் சேர்த்தது வெளிர். தூரிகையைச் சுத்த நீரில் ஊறவைத்துக் கிண்ண விளிம்பில் வழித்துவிடுங்கள். முழு மயிரும் வெளிர் மையில், பிறகு பாதிவரை இடைத்தரத்தில், கடைசியாக நுனி மட்டும் சுமார் 5 மி.மீ. கெட்டி மையில். தட்டில் சாய்த்து இரண்டு மூன்று முறை புரட்டினால் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று இழையும். புரட்டாமல் போனால் தாளில் பட்டைபட்டையாகத் தெரியும். பத்து முறை புரட்டினால் மூன்றும் ஒரே சாம்பலாகும். இனி நுனி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நிழல். 6 முதல் 8 செ.மீ. இழுத்து, எடுத்துவிடுங்கள். திரும்பப் போகவேண்டாம்.

அடுத்த தீற்றலுக்கும் இதற்கும் நடுவே வெள்ளை விடவேண்டுமென்றால் 2, 3 மி.மீ. விடுங்கள். மை பரவி இடைவெளியை உண்ணும், 1 மி.மீ. விட்டால் மிஞ்சாது. பக்கத்துத் தீற்றலை ஈரத்திலேயே தொட்டால் இரண்டும் கலக்கும். காய்ந்தபின் தொட்டால் நடுவே கரைக்கோடு விழும். இரண்டும் தேவைதான்: தசை தசையோடு நழுவும் இடத்தில் முதலாவது, எலும்பு துருத்தும் இடத்தில் இரண்டாவது.

பிடரிக்கும் வாலுக்கும் முற்றிலும் வேறு நீர்க்கணக்கு. ஏறக்குறைய உலர்ந்த தூரிகை, மயிர் பிளந்து நிற்க, வேகமான வீச்சு. மைக்கு நடுவே தாள் வெள்ளைக் கீற்றுகளாகத் தெரியும். சீன எழுத்துக்கலையில் இதற்குப் "பறக்கும் வெள்ளை" என்று பெயர். கால்கள் நடுநுனியில், மூட்டு வரும் இடத்தில் ஓர் அழுத்தம், ஒரு திருப்பம், மறுபடி ஓட்டம். எழுத்துக்கலை பழகிய கைக்கு இது எழுத்தின் முடிச்சு. உடற்கூறு படித்த கண்ணுக்கு இது குதிகால் எலும்பு. இரண்டும் ஒரே புள்ளியில் விழுவதைப் பார்க்கும்போதெல்லாம் வியப்பு குறைவதே இல்லை.

## அவர் வேண்டாம் என்று விட்டவை

உடல்நிழலை எடுத்துக்கொண்டவர் விழுநிழலைப் பெரும்பாலும் எடுக்கவில்லை. பாயும் குதிரைக்குக் கீழே தரையில் கருநிழல் இருக்காது. அப்படி ஒரு நிழல் வந்தால் சூரியன் எங்கே, மணி என்ன, தரை எப்படிப்பட்டது என்று எல்லாம் சொல்லியாக வேண்டும். சுற்றியிருக்கும் வெற்றுவெளி தரையாகவும் வானமாகவும் உறைந்துவிடும். சீன மரபில் அந்த வெறுமை நிரப்பப்படாத இடம் அல்ல. அதுதான் குதிரை ஓடும் வெளி. எழுத்தும் முத்திரையும் அமர்வதும் அங்கேதான்.

இதே சிக்கல் அவருக்கு இருநூறு ஆண்டு முன்பே எதிர்த்திசையில் வந்தது. 1715-ல் சீனா வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி காஸ்டிலியோனே, அன்று சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசவையின் ஓவியரானார். 1728-ல் அவர் முடித்த நூறு குதிரைச் சுருள் ஏறத்தாழ எட்டு மீட்டர் நீளம். அவரும் சீனக் கண்ணுக்காக முகங்களின் கடும் நிழல்களை மட்டுப்படுத்தினார். ஆனால் அவர் பட்டின்மேல், நிறங்களைப் பொறுமையாக மென்மையாக அடுக்கியவர். கையிலிருந்த வேகம் ஐரோப்பியக் கையின் வேகமே. ஷு பெய்ஹோங்கிடம் நிதானம் முழுவதும் தயாரிப்பில், வரைதலில் மின்னல். இருவரையும் "கலவை" என்ற ஒரே பெட்டியில் போடுவது இதனால்தான் பொருந்தாது.

சாரம்: எலும்பு, தசை, முன்குறுக்கம், உடல்நிழல் ஆகியவை ஐரோப்பாவிலிருந்து. தாள், மை, தூரிகையின் வேகம், வெற்றுவெளி ஆகியவை சீனாவிலிருந்து. விழுநிழலும் பின்னணியும் விடப்பட்டன.

## குதிரைக்கு வெளியே: டார்ஜிலிங்கில் பிறந்த ஓவியம்

அவரைக் குதிரை ஓவியர் என்று மட்டும் அறிந்தால் பாதிதான் அறிந்தோம். தாகூரின் அழைப்பில் 1939 இறுதியில் இந்தியா வந்து சாந்திநிகேதனில் தங்கினார். 1940-ல் அங்கே காந்தியையும் நேரில் பார்த்து வரைந்தார். அந்த ஆண்டே டார்ஜிலிங்கில் "மலையைப் பெயர்த்த முட்டாள் கிழவர்" என்ற பெரிய மை ஓவியத்தை வரைந்தார்; 144 செ.மீ. உயரம், 421 செ.மீ. நீளம். வீட்டு வாசலை மறைக்கும் இரண்டு மலைகளை, தன் பிள்ளைகளும் பேரர்களும் தோண்டித் தோண்டி அகற்றுவார்கள் என்று நம்பி மண்வெட்டி எடுத்த கிழவரின் பழங்கதை அது. ஜப்பானியப் படையெடுப்பில் சீனா தவித்துக்கொண்டிருந்த நேரம். படத்தில் மண் வெட்டும் வெற்றுடம்பு ஆண்களுக்கு இந்தியர்களை மாதிரியாக நிறுத்தி வரைந்தார்.

இதில் முறை வேறு. குதிரையில் தீற்றலே உடம்பு, இங்கே கோடு. சீன மரபில் நிழலில்லாமல் கோட்டால் மட்டும் வரையும் வெள்ளைக்கோட்டு முறை உண்டு. அதன் உச்சங்களில் ஒன்றான எண்பத்தேழு தேவர்களின் பழம்பட்டுச் சுருளை 1937-ல் ஹாங்காங்கில் வாங்கி உயிரினும் மேலாகக் காத்தவர் அவர். அந்தக் கோட்டை எடுத்து வயிற்றுத் தசைமேலும் விலாமேலும் ஓடவிட்டார். தசை புடைக்கும் இடத்தில் கோடு தடிக்கும், எலும்பருகே இறுகும். உள்ளே மெல்லிய வெளிர்பூச்சு மட்டும்.

எதிர்மாறாக, 1930-ல் முடித்த "தியான் ஹெங்கும் ஐந்நூறு வீரர்களும்" எண்ணெய் வண்ணம். கதை சீனாவுடையது, வரைந்த முறை முழுக்க ஐரோப்பியக் கல்விக்கூடம். மாபெரும் படம்தான். ஆனால் சீனக் கதையை எண்ணெயில் வரைந்தது கலப்பு என்றால், கலப்பு கதையில் இருக்கிறது, கையில் இல்லை. அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு மை ஓவியங்களில்தான் என்பது எங்கள் கருத்து.

## ஆறு விதியும் ஏழு விதியும்

சுமார் 1,500 ஆண்டுக்கு முன் ஷியே ஹே என்பவர் ஓவியத்துக்கு ஆறு நெறிகள் சொன்னார். முதல் நெறி உயிர்மூச்சு: படத்தில் ஜீவன் துடிக்கவேண்டும். 1932-ல் ஷு பெய்ஹோங் ஏழு விதி எழுதினார். இடம் பொருந்தவேண்டும், அளவு சரியாக வேண்டும், கருப்பும் வெள்ளையும் தெளியவேண்டும், அசைவு இயல்பாக வேண்டும், கனமும் லேசும் இசையவேண்டும், குணம் வெளிப்படவேண்டும். ஏழாவதாகத்தான் ஜீவன் வருகிறது. அவர் அதைத் தள்ளிவைக்கவில்லை. ஆறு படி ஏறினால்தான் கிடைக்கும் என்றார். பழையவர் தொடங்கிய இடத்தில் இவர் முடிக்கிறார்.

இதை எல்லோரும் ஏற்கவில்லை. மை ஓவியம் படிப்பவர்களும் ஐரோப்பிய முறைக் கோட்டுருவப் பயிற்சி எடுத்தாக வேண்டும் என்ற விதியோடு அவர் நடத்திய பெய்பிங் (இன்றைய பெய்ஜிங்) ஓவியக் கல்லூரியில், 1947-ல் மூன்று ஆசிரியர்கள் பாடம் எடுக்க மறுத்தார்கள். கரிக்குச்சியில் தேய்த்துப் பழகிய கை தூரிகையின் வேகத்தை இழக்கும் என்பது அப்படி எதிர்த்தவர்களின் அச்சம். அது நியாயமான அச்சம். அவருடைய வழியில் வந்த பலர் அளவைக் கற்று வேகத்தை இழந்ததும் நடந்தது. லின் ஃபெங்மியன் போன்ற சீன ஓவியர்களோ அவர் வெறுத்த மேற்கையே, மத்தீஸின் நிறத்தையும் வளைகோட்டையும், எடுத்துச் சீன மையோடு சேர்த்து முற்றிலும் வேறோர் உலகம் படைத்தார்கள்.

## படத்தின் முன் நிற்கும்போது, தூரிகை பிடிக்கும்போது

நகல்களில் முதலில் பின்காலின் குதிகாலைப் பாருங்கள். வளைந்த குழாய்போல் இருந்தால் வரைந்தவருக்கு எலும்பு தெரியாது. அடுத்து மார்பு: ஒரு தீற்றல் மேல் இன்னொன்று தேய்த்துக் கருமையாக்கியிருந்தால், ஏற்றத் தெரியாமல் பிறகு சேர்த்திருக்கிறார்கள். வாலில் பறக்கும் வெள்ளை ஒரே சீராக, சீப்பால் வாரியதுபோல் இருந்தால் அது வேகத்தில் வந்ததல்ல. மெதுவாகப் போலி செய்தது.

அவருடைய 1941 பாயும் குதிரையில் இந்த மூன்றையும் ஒருசேரப் பார்க்கலாம். பினாங்கில் தங்கியிருந்தபோது, சீனாவின் சாங்ஷா நகருக்காக ஜப்பானியரோடு இரண்டாம் முறை நடந்த சண்டையை எண்ணி நெஞ்சு எரிய வரைந்ததாகப் படத்தின் ஓரத்திலேயே எழுதியிருக்கிறார். கால்கள் கத்திபோல் விழுந்திருக்கின்றன. திருத்தம் ஒன்றுகூட இல்லை.

வரையத் தொடங்குபவர் செய்யும் பெரிய தவறு முதல் நாளே குதிரையை எடுப்பது. தாள் ஊறுவதையும் குளம்பின் கோணத்தையும் ஒரே நேரத்தில் கவனிக்கமுடியாமல் இரண்டும் கெடும். உடற்கூற்றைப் பென்சிலில் தனியாகப் பழகுங்கள். மையில் சில வாரம் கத்தரிக்காய் மட்டும் போடுங்கள். சன்னல் பக்கம் வெள்ளை தங்கி, மறுபக்கம் கருமை இறங்கி, ஒரே தீற்றலில் காய் உருண்டு நிற்கத் தொடங்கிய நாளில் குதிரையின் மார்புக்குப் போகலாம்.